அடுத்து என்ன வரவேண்டும்?

மலையில் இரவு நடை என்றதும் பலரும் முதலில் வாங்குவது சக்தி வாய்ந்த ஒரு டார்ச். ஆயிரம் லூமன், இரண்டாயிரம் லூமன் என்று விலை ஏறிக்கொண்டே போகும். இருட்டில் குறைவது வெளிச்சம்தானே என்ற எண்ணம். ஸ்காட்லாந்து மலைகளில் இரவிலும் மூடுபனியிலும் வழி கண்டு நடக்கப் பழகிய பிறகு என் கருத்து வேறாகிவிட்டது. டார்ச் காட்டுவது சில பத்து மீட்டர் புல்லையும் கல்லையும். மலை முழுக்க அதே புல், அதே கல். பகலில் தூரத்துச் சிகரமும் பள்ளத்தாக்கும் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால், நாம் விலகுவதை அவ்வப்போது திருத்திக்கொண்டு போகிறோம். திருத்துகிறோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. இருட்டு பறிப்பது அந்தத் திருத்தத்தை. அதற்கு ஈடாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கிளம்பும் முன்பே, அடுத்து என்ன வரவேண்டும், எத்தனை நிமிடத்தில் வரவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நடப்பது, வரவில்லையென்றால் நின்றுவிடுவது.

இதை வெறும் ஒழுங்குமுறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதக் கால்களை நம்ப முடியாது என்பதற்குச் சான்று உண்டு. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கழகத்தில் யான் சௌமனும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைப் பெரிய காட்டுக்குள் விட்டு நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தபோது ஏறத்தாழ நேராகவே போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாம் வந்த தடத்தையே குறுக்கே வெட்டியும் அதை உணரவில்லை. கண்ணைக் கட்டிவிட்டால் இன்னும் மோசம்: சிலர் போட்ட வட்டத்தின் குறுக்களவு வெறும் 20 மீட்டர். ஒரு கால் சற்று நீளம் என்பதால் ஒரே பக்கம் இழுக்கிறது என்று சொல்லும் பழைய விளக்கமும் நிற்கவில்லை. ஒரே ஆள் ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என்று திரும்பினார். ஆக, ‘எனக்குத் திசை உணர்வு அதிகம்’ என்று சொல்பவர் தம் கண்ணுக்கு எட்டிய அடையாளங்களைத்தான் புகழ்கிறார். அவை மறைந்தால் அவரும் மற்றவர்களைப் போலத்தான்.

இப்படி அடுத்து வருவதை முன்கூட்டியே ஊகித்து நடப்பது என்றால் என்ன என்பதற்கு பென் நெவிஸ் உச்சியைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. 1345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான மலை. உச்சி ஒரு சிகர முனையாக இல்லாமல், கல் பரவிய அகன்ற தளமாக இருக்கும். வடக்கே நூற்றுக்கணக்கான மீட்டர் பாறைச் சுவர். ஆண்டில் பெரும்பகுதி அங்கே மேகம்தான். (1883 முதல் 1904 வரை அங்கே ஒரு வானிலை நிலையம் இயங்கியது. 1894இல் அங்கு வேலை பார்த்த சி.டி.ஆர். வில்சன் மேகத்தின் மீது விழுந்த ஒளி வளையங்களைப் பார்த்து வியந்ததில் தொடங்கியதுதான் அவருக்கு நோபல் பரிசு தந்த மேக அறை என்ற ஆய்வுக் கருவி. அந்த மூடுபனியில் நன்மையும் விளைந்திருக்கிறது.) உச்சியிலிருந்து இறங்க மலையேறுவோர் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு இது: உச்சியில் நிற்கும் நில அளவைத் தூணிலிருந்து, வடக்கிலிருந்து வலமாக எண்ணி 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 282 பாகையில் திரும்பிப் பாதையைப் பிடிக்க வேண்டும். நேரே 282 பாகையில் போனால் என்ன? கார்டிலூ என்ற பிளவு தளத்தை உள்ளே வரை குடைந்திருக்கிறது. மேகத்தில் அதன் விளிம்பு தெரியாது, குளிர்காலத்தில் விளிம்புக்கு வெளியே பனி திண்ணை போல நீட்டிக்கொண்டும் இருக்கும். 150 மீட்டரில் திரும்ப மறந்தால் தெற்கே க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவு. திரும்பிய பிறகு இடப்பக்கம் விலகினால் ஃபைவ் ஃபிங்கர் என்ற இன்னொரு பிளவு. அங்கே உயிரைக் காப்பது ‘150’ என்ற எண். வெளிச்சம் எத்தனை லூமன் என்பது அங்கே எடுபடாது. என் நடையில் ஒரே காலை மட்டும் எண்ணினால் சமதளத்தில் 100 மீட்டருக்கு அறுபத்தைந்து எண்ணிக்கை வரும். அப்படியானால் 150 மீட்டருக்குத் தொண்ணூற்றெட்டு. பனியிலும் கல்லிலும் காலடி சுருங்கி, எண்ணிக்கை கூடும். அதையும் முன்பே பழகி வைத்திருக்க வேண்டும்.

ஏன் தூரத்தைத் துண்டு போடுகிறோம் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. திசைகாட்டியைப் பிடித்து நடப்பவர் ஐந்து பாகை பிசகுவது சகஜம். 150 மீட்டரில் அந்தப் பிசகு 13 மீட்டர் விலக்கும். ஒரு கிலோமீட்டரில் 87 மீட்டர். முதலாவதைத் தேடிப் பிடிக்கலாம், இரண்டாவது கொன்றுவிடலாம். நேரத்துக்குப் பழைய விதி ஒன்று உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் தந்தது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இன்று அதையே பத்து மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இரவில் கரடுமுரடான நிலத்தில் மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அடுத்து வரவேண்டிய ஓடைக்கு 600 மீட்டர் தூரம், 50 மீட்டர் ஏற்றம் என்றால் ஒன்பதும் ஐந்தும் பதினான்கு நிமிடம். பதினான்காம் நிமிடம் ஓடை வரவில்லையென்றால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுக்கலாம். இருபதாம் நிமிடத்திலும் ‘இதோ வந்துவிடும்’ என்று நடப்பவர் வழி தவறியதை ஏற்க மறுக்கிறார்.

ஓடை போன்ற நீளமான அடையாளத்தில் ஒரு பாலத்தைப் பிடிக்க வேண்டுமானால் பாலத்தையே குறிவைக்கக் கூடாது. வேண்டுமென்றே ஐம்பது மீட்டர் இடப்புறம் குறிவைத்தால், ஓடையை அடைந்ததும் வலப்புறம் திரும்ப வேண்டும் என்பது நிச்சயம். நேராகக் குறிவைத்துத் தவறியவருக்கு எந்தப் பக்கம் தேடுவது என்றே தெரியாது. இதைவிட எனக்குப் பிடித்த சோதனை காலடிச் சரிவு. எதுவுமே தெரியாத மேகத்திலும் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைக் கால் சொல்லிவிடும். அந்தப் பக்கத்துக்குத் திசைகாட்டியை நீட்டிப் பாகையைப் பாருங்கள். வரைபடத்தில் நீங்கள் இருப்பதாக நம்பும் இடத்தில் சமஉயரக் கோடுகள் மேற்கே இறங்க, கால் தெற்கே இறங்கினால் நீங்கள் அங்கே இல்லை. பொய் சொல்லாத சாட்சி அது. திசைகாட்டியோ சில நேரம் பொய் சொல்லும்: மார்புப் பையில் இருக்கும் போன் முள்ளைத் திருப்பும், ஸ்கை தீவின் கூலின் மலையில் பாறையிலேயே காந்தம் இருக்கிறது.

தெளிந்த இரவைவிடப் பகல் மூடுபனி கடினம், இரண்டும் சேர்ந்தால் கடினத்திலும் கடினம். மூடுபனியில் நெற்றியில் கட்டிய விளக்கு எதிரே வெள்ளைச் சுவரைத்தான் எழுப்பும். கழற்றி இடுப்பளவில் பிடித்தால் நிலம் தெரியும். தெளிந்த இரவில் விளக்கை அணைத்துவிட்டு இருபது முப்பது நிமிடம் போனால் மலை முகடுகளின் விளிம்பே வானத்தில் தெரியும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்தப் பார்வை போய்விடும். பனித்தரையும் மேகமும் ஒன்றாகிவிட்ட வேளையில் முன்னால் ஒரு பனி உருண்டையை எறிவது பழைய வழக்கம். விழுந்து நின்றால் தரை இருக்கிறது. காணாமல் போனால் போகாதீர்கள்.

‘கையில் ஜிபிஎஸ் இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு?’ நியாயமான கேள்வி. நானும் அதை எடுத்துச் செல்கிறேன். குளிரில் பேட்டரி இறங்குவதும் ஈரக் கையுறைக்குத் திரை மசியாததும் தெரிந்ததே, அவை பெரிய வாதமும் இல்லை. மாற்று பேட்டரி வைத்துக்கொள்ளலாம். உண்மையான குறை வேறு. கருவி இப்போது இருக்கும் இடத்தைச் சொல்லும். அடுத்த அடி எதன் மீது என்பதைச் சொல்லாது. 2021இல் கூகுள் மேப்ஸ் காட்டிய பென் நெவிஸ் வழி உயிருக்கே ஆபத்தானது என்று ஸ்காட்லாந்து மலையேற்ற அமைப்பும் ஜான் மியூர் அறக்கட்டளையும் எச்சரிக்க வேண்டி வந்தது. வரைபடம் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே சிரித்திருப்பார். கணக்கைப் போட்டுவிட்டுப் புத்தகத்தின் விடைப் பக்கத்தைப் புரட்டும் மாணவனைப் போல, ஊகித்த பிறகு ஜிபிஎஸைப் பாருங்கள். ஆறு மாதத்தில் இரண்டும் ஒத்துவரத் தொடங்கும்.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வரைபடமும் பாகையும் இல்லாமல் இருட்டில் நடக்கிறார்களே என்பார்கள். நடக்கிறார்கள். ஆனால் அவர்களும் ‘இந்தப் பாறை தாண்டினால் ஊற்று’ என்று முன்கூட்டியே அறிந்துதான் நடக்கிறார்கள். வரைபடத்தின் இடத்தில் நினைவு இருக்கிறது. அந்த நினைவு ஒரு மலைக்கு மட்டும் செல்லும். இன்னும் கடுமையான மறுப்பு: இரவில் எதற்குப் போக வேண்டும், பேசாமல் வீட்டில் இருக்கலாமே? டிசம்பரில் பென் நெவிஸ் அடிவாரத்து ஃபோர்ட் வில்லியம் பக்கம் காலை ஒன்பதை ஒட்டி விடிந்து மாலை நான்குக்கு முன்பே சூரியன் மறைகிறது. பகல் நடையாகக் கிளம்பியவரும் இருட்டில்தான் இறங்குவார். ஆனால் இந்தக் கலைக்கும் எல்லை உண்டு. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் பீடபூமியில் பனிப்புயலில் சிக்கி ஐந்து பள்ளி மாணவர்களும் உடனிருந்த இளம் பயிற்சியாளர் ஒருவரும் இறந்தார்கள். அவர்கள் எட்ட நினைத்தது அந்த வெட்டவெளியில் நின்ற ஒரு சிறு தங்குமிடத்தை. அத்தகைய இடத்தைப் பனியில் கண்டுபிடிப்பதே அரிது என்ற விவாதத்துக்குப் பிறகு அந்தத் தங்குமிடம் அகற்றப்பட்டது. அந்தக் காற்றில் எந்தத் திறமை இருந்திருந்தாலும் போதாமல் போயிருக்கலாம். பாகை பார்த்து அடி எண்ணும் கலை புயலில் நடக்க அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.

பழகுவதற்கு இருட்டு வசதியானது என்பதையும் சொல்ல வேண்டும். மூடுபனி நாம் கேட்ட நாளில் வராது, இரவு தினமும் வரும். எடின்பரோவை ஒட்டிய பென்ட்லண்ட் குன்றுகள் போல இருபுறமும் சாலை ஓடும் தாழ்ந்த மலையைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு தவறினாலும் ஒரு சாலையில் போய் முட்டலாம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடப்பவருக்கு இரவிலும் உரிமை தருகிறது. வழியில் எதிர்ப்படுவது ஆடும் மானும்தான். யானையும் காட்டெருமையும் உலவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருட்டுப் பயிற்சி வேண்டவே வேண்டாம். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ பிற்பகலில் மேகம் இறங்கும் நேரத்தில், அனுமதி பெற்ற பாதையில், வழிகாட்டியோடு போகும்போது அடுத்த வளைவுக்கு எத்தனை காலடி, எந்தப் பக்கம் சரிவு என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். பிறகு வழிகாட்டியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.