துபாய்ப் பள்ளி: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

கேள்வி: என் கணவருக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. மகள் இங்கே சி.பி.எஸ்.இ.யில் மூன்றாம் வகுப்பு. அங்கே இன்டர்நேஷனல் ஸ்கூல் கட்டணத்தைக் கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: பெயரைப் பார்த்து மலைக்காதீர்கள், சகோதரி. துபாயில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளே நிறைய இருக்கின்றன. பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளைவிடப் பொதுவாகக் கட்டணமும் குறைவு. நாளை ஊர் திரும்ப நேர்ந்தாலும் மகளின் படிப்பு தடைப்படாது. என் ஓட்டு இதற்குத்தான்.

தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு கே.எச்.டி.ஏ. ஒவ்வொரு வகுப்புக்கும் அனுமதிக்கப்பட்ட கட்டணம், ஆய்வில் பள்ளி பெற்ற தரம் இரண்டும் அதன் இணையதளத்தில் இருக்கும். ஏஜென்ட் சொல்வதை நம்புவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது பஸ் கட்டணத்தில். வருடத்துக்குச் சில ஆயிரம் திர்ஹாம் தனியாகப் போகும். சீருடை, புத்தகமும் தனி. ஆகவே வீட்டை முதலில் பிடித்துவிட்டுப் பள்ளி தேடாதீர்கள். அல் குசைஸ் பக்கம் இந்தியப் பள்ளிகள் அதிகம். பள்ளியை முடிவு செய்துவிட்டு அருகிலேயே வீடு பாருங்கள். குழந்தை விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு பஸ்ஸுக்கு நிற்க வேண்டாமே! கல்விக் கட்டணத்தில் கம்பெனி எவ்வளவு தரும் என்பதையும் கணவர் இப்போதே எழுத்தில் வாங்கிவிடட்டும்.

அங்கே அரபு மொழியும் ஒரு பாடம். விளையாட்டாக எழுத்துகளை இப்போதே அறிமுகப்படுத்துங்கள். இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். டி.சி.க்கு எந்தெந்தச் சான்றொப்பம் வேண்டும் என்று பள்ளியிடம் கேட்டு, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.