த்ரெட்டைக் காக்க வைக்காதே

அன்புள்ள கதிருக்கு,

நாலைந்து பேர் சேர்ந்து பெரிய வீடியோ ஏற்றினாலே மெமரி எகிறுகிறது. கூட்டம் கூடினால் லாகின் பக்கமே திறப்பதில்லை, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இவை இரண்டு தனித்தனி நோய்கள்.

மெமரி நோய்க்கு மருந்து எளிது. உன் நிரல் முழுக் கோப்பையும் ஒரே பைட் அரேயாக வாங்குகிறது. 500 எம்பி கோப்பு பத்து வந்தால் 5 ஜிபி போயிற்று. ஸ்ட்ரீமைத் திறந்து, 8 கேபி பஃபரில் படித்துப் படித்து டிஸ்க்கில் எழுது. கோப்பு எத்தனை பெரிதானாலும் மெமரி ஏறாது.

அடுத்தது த்ரெட். நொடிக்கு 1 எம்பி வேகத்தில் 500 எம்பி வந்துசேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை கோப்பை வாங்கும் சர்வ்லெட் தன் த்ரெட்டை விடாது. அடுத்த பைட்டுக்காகக் காத்து நிற்கும். அதனால்தான் சிபியு சும்மா இருக்கிறது. உன் டாம்கேட் சர்வரில் நீ எதையும் மாற்றாவிட்டால் அதிகபட்சம் 200 த்ரெட். அத்தனையும் இப்படி நின்றுவிட்டால் லாகின் செய்ய வந்தவரும் வரிசையில்தான். வங்கியில் சலானை நிரப்பிய பிறகுதானே கவுன்டருக்குப் போகிறோம்? இங்கும் கோப்பு முழுதும் வந்துசேர்ந்த பிறகே த்ரெட்டிடம் போக வேண்டும்.

அதற்கு டாம்கேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் புராக்ஸி ஒன்றை வை. அது இணைப்புக்கு ஒரு த்ரெட் என்று ஒதுக்குவதில்லை. மெதுவாக வருவதைத் தற்காலிகக் கோப்பில் சேர்த்து, முழுதும் வந்த பிறகே டாம்கேட்டுக்கு வேகமாகத் தள்ளும். அளவு வரம்பை மட்டும் உயர்த்த மறக்காதே. இயல்பு வரம்பு 1 எம்பிதான், மீறினால் 413 பிழை வரும். ஒரே கோப்பு டிஸ்க்கில் இரண்டு முறை எழுதப்படும், அதற்கும் இடம் வேண்டும்.

அதுவும் கட்டுப்படியாகாவிட்டால், கோப்பு உன் சர்வர் பக்கமே வர வேண்டாம். அமேசான் எஸ்3-க்குக் காலவரம்புள்ள கையொப்ப யுஆர்எல் தயாரித்துக் கொடு. பிரவுசர் நேரே அங்கே ஏற்றட்டும். மல்டிபார்ட் முறையில் ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 5 எம்பி, கடைசிப் பகுதிக்கு மட்டும் விலக்கு; மொத்தம் 10,000 பகுதிகள் வரை. நடுவில் இணைப்பு அறுந்தால் விடுபட்ட பகுதியை மட்டும் மறுபடி அனுப்பலாம்.

எதையும் மாற்றுமுன் சோதனை செய். டெஸ்ட் சர்வரில் த்ரெட் எண்ணிக்கையை ஐந்தாகக் குறை. கர்ல் கட்டளையில் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஐந்து கோப்புகளை ஏற்றிக்கொண்டே த்ரெட் டம்ப் எடு. ஐந்தும் ஸ்ட்ரீமைப் படிக்கும் வரியில் நிற்பது தெரியும். என்ஜின்எக்ஸ் வைத்த பிறகு அதையே திரும்பச் செய். ஏற்றம் நடக்கும்போதே ஐந்தும் சும்மா இருக்க வேண்டும். இருந்தால் புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோ.

அன்புடன்,
அண்ணன்