மூணு சக்கர வண்டியை எங்கே நிறுத்துவது?
(சட்டம் அறிவோம் – குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேச வேண்டிய பாடம்)



நம் குழுக்களில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். சிலர் அரசு கொடுத்த, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் தாம்பரம் மார்க்கெட் போய்ச் சரக்கு எடுத்து வருகிறார்கள். சிலர் ரயிலடியில் வண்டியை விட்டுவிட்டு மாம்பலம், பாரிமுனை என்று வேலைக்குப் போகிறார்கள். வண்டி வந்ததால் வீட்டு வாசலைத் தாண்ட முடிந்தது. ஆனால் போன இடத்தில் வண்டியை எங்கே விடுவது? அதற்குக் காசு கட்ட வேண்டுமா, வேண்டாமா? கூட்டங்களில் அடிக்கடி வரும் இந்தக் கேள்வியை இந்த மாதம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று இடம், இன்னொன்று கட்டணம். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் ஸ்டாண்டில் வாக்குவாதம் வருகிறது. தனித்தனியாகப் பார்ப்போம்.

1. இடம் – இது சட்டம் தந்த உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 41-வது பிரிவு, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகிய இடங்களில் வாகனம் நிறுத்துமிடம், கழிப்பறை, டிக்கெட் கவுன்டர் எல்லாம் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதனால் தாம்பரம் ரயில் நிலையமானாலும், கிளாம்பாக்கம் பேருந்து முனையமானாலும் இடம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும்? கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அரசின் அளவு. ஒரு புடவை ஐந்தரை மீட்டர் என்றால், ஐந்தரை புடவையை நீட்டிப் போட்ட தூரம். அதற்கு மேல் நடக்க வைக்கக் கூடாது. கார் நிறுத்தும் இடமானால் அகலம் 3.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 அடி. சாதாரணக் காருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். கதவை முழுசாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியைப் போட்டு இறங்குவதற்குத்தான் அந்தக் கூடுதல் அகலம். தரையிலோ பலகையிலோ சக்கர நாற்காலிப் படம் இருக்க வேண்டும். பெரிய ரயில் நிலையங்களில் இப்படிக் குறைந்தது இரண்டு இடமாவது ஒதுக்க வேண்டும், அங்கிருந்து கட்டடம் வரை வழுக்காத நடைபாதை வேண்டும் என்று ரயில்வேயும் வழிகாட்டுதல் தந்திருக்கிறது.

நம் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஓட்டுவது ஸ்கூட்டர். பைக் ஸ்டாண்டில் வண்டிகளை நெருக்கி அடுக்குவார்கள். மூணு சக்கர வண்டி இரண்டு பைக் இடத்தைப் பிடிக்கும். பல வண்டிகளில் ரிவர்ஸ் கியர் கிடையாது. காலையில் நல்லபடியாக விட்டுப் போனாலும், சாயங்காலம் வரும்போது முன்னும் பின்னும் பைக் நிற்கும். கையில் ஊன்றுகோலோடு நிற்கிற பெண் அதையெல்லாம் எப்படி நகர்த்துவாள்? யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால், "ஓரமா ஒரு இடம் கொடுங்க" என்று கேட்காதீர்கள். "பின்னால் தள்ளாமல் நேராக வெளியே எடுக்கிற மாதிரி, வாசல் பக்கத்தில் இடம் வேணும்" என்று விவரமாகக் கேளுங்கள்.

2. கட்டணம் – இது அந்தந்த இடத்து ஒப்பந்தம்

"சட்டப்படி எங்களுக்கு எல்லா இடத்திலும் இலவசம்" என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தை வாசித்தால் நிறுத்துமிடம் பற்றி இருக்கிறதே தவிர, கட்டணம் கிடையாது என்று எழுதவில்லை. ஆனால் அதே 41-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் குறைந்த செலவில் போய்வர ஊக்கமும் சலுகையும் தரும் திட்டங்களை அரசு உருவாக்க வேண்டும் என்கிறது. கட்டண விலக்கு கேட்க இதுவே நமக்குப் பிடி.

கட்டணத்தை முடிவு செய்வது அந்த இடத்தை நிர்வகிப்பவர். ரயிலடி என்றால் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம். மாநகராட்சி நடத்தும் இடம் என்றால், 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி. மெட்ரோ நிலையம் என்றால் மெட்ரோ நிறுவனம். ஏலம் எடுத்த கான்ட்ராக்டருக்கு எழுதிக் கொடுத்த நிபந்தனையில் மாற்றுத்திறனாளிக்கு விலக்கு இருந்தால் அவர் காசு வாங்கக் கூடாது. இல்லையென்றால், அடுத்த ஏலத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். டோக்கன் கிழிக்கும் பையனோடு சண்டை போடுவதால் பயனில்லை. அவன் கையில் அந்த அதிகாரம் இல்லை.

சின்னக் காசுதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 26 நாளைக்கு 520 ரூபாய். வருஷத்துக்கு 6,240 ரூபாய். பூ விற்கிறவருக்கும் தையல் வேலை செய்கிறவருக்கும் அது ஒரு கடன் தவணை.

3. தனி பெர்மிட் அட்டை உண்டா?

இங்கிலாந்தில் 1971-ல் ஆரஞ்சு அட்டை என்று தொடங்கி, 2000-ல் நீல அட்டையாக மாறிய ஒரு முறை இருக்கிறது. வண்டிக்கு இல்லாமல் ஆளுக்கு அட்டை தருகிறார்கள். யார் வண்டியில் போனாலும் அட்டையைக் கண்ணாடியில் வைத்தால் ஒதுக்கிய இடத்தில் நிறுத்தலாம். நம் நாட்டில் எல்லா ஊருக்கும் செல்லும் அப்படியொரு நிறுத்த அட்டை இல்லை. அதனால் நாம் கையில் வைத்திருக்க வேண்டியவை:

• யுடிஐடி எனும் தனித்துவ அடையாள அட்டை. ஊனத்தின் அளவு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளைக் கோடு, 40 முதல் 80-க்குள் என்றால் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் என்றால் நீலம். பழைய அடையாளப் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள் இதற்கு விண்ணப்பிக்கவும்.

• ஆர்.சி. புத்தகம். மாற்றியமைத்த வண்டி என்பது அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். மாற்றியமைத்த கார் வைத்திருப்பவர்களுக்குப் பரனூர் போன்ற தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் விலக்கு கேட்கவும் இந்தப் பதிவு தேவை.

• ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ். இவற்றின் நகல் ஒன்று வண்டிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

4. நம் வீட்டிலும் பார்க்க வேண்டியது

அக்காவுடைய வண்டியைத் தம்பி எடுத்துப்போய், அவளுக்கான இடத்தில் நிறுத்துவது சில வீடுகளில் நடக்கிறது. உரிமை வண்டிக்கு இல்லை, அவளுக்குத்தான். மாற்றுத்திறனாளிக்கான சலுகையை ஏமாற்றிப் பெற்றால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 91-வது பிரிவு சொல்கிறது. அதேபோல, "அஞ்சு நிமிஷம்தானே" என்று நம் வீட்டு ஆண்கள் சக்கர நாற்காலிப் படத்தின் மேல் பைக்கை நிறுத்தினால், சொல்லி எடுக்க வைப்பது நம் வேலை. அந்த ஐந்து நிமிஷத்தில் வந்து சேர்கிற ஒரு பெண், இறங்க இடமில்லாமல் திரும்பிப் போயிருப்பாள்.

5. கேட்டும் கிடைக்கவில்லை என்றால்?

• ரயில் நிலையம்: நிலைய மேலாளரிடம் எழுத்து மூலம் மனு. 139 எண்ணிலும் புகார் பதியலாம்.

• மற்ற இடங்கள்: மாநகராட்சி ஆணையர், அல்லது செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு நகல். முதலமைச்சர் உதவி மையம் 1100.

• ஏல நிபந்தனை என்ன என்று தெரிய: தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

• எதற்கும் அசையவில்லை என்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

மனு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ராஜீவ் ரதூரி என்ற பார்வை மாற்றுத்திறனாளி 2005-ல் உச்ச நீதிமன்றம் போனார். 2024 நவம்பர் 8-ல் அந்த வழக்கில், அணுகல் வசதி அளவுகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 19 வருடம் விடாமல் நடந்த வழக்கு அது. நம் தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. உங்கள் பகுதியில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் மூலமாகவும் இதை மன்றத்தில் பேச வைக்கலாம்.

குழுவில் செய்ய வேண்டியவை

1. நம் குழுவில் வண்டி ஓட்டும் மாற்றுத்திறனாளி யார் யார், எங்கே நிறுத்துகிறார்கள், எவ்வளவு கட்டுகிறார்கள் என்று பட்டியல் எடுங்கள்.

2. தையல் டேப்போடு இரண்டு பேர் போய் அந்த இடத்தை அளந்து வாருங்கள். வாசலிலிருந்து தூரம், பலகை உண்டா, தரை மேடு பள்ளமா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. கீழ்க்கண்டபடி தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுவோடு இணையுங்கள்:

"எங்கள் குழு உறுப்பினர்களான மாற்றுத்திறனாளிகள் ______ பேர் ______ நிறுத்துமிடத்தைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, நுழைவாயிலுக்கு 30 மீட்டருக்குள், வண்டியை நேராக வெளியே எடுக்கும்படி இடம் ஒதுக்கிப் பலகை வைக்குமாறும், கட்டண விலக்கை ஏல நிபந்தனையில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். அதன் நகலையும் உங்கள் பட்டியலையும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் பட்டியலையும் சேர்த்து நாம் ஒன்றாகப் போய்க் கொடுப்போம்.