உழைப்பும் படிப்பும் ஒன்றாய்: பெரீயா கல்லூரி தரும் பாடம்



போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "என்னப்பா படிக்கிறே?" என்று கேட்டார். "டிப்ளமோ சிவில், மூணாம் வருஷம் மாமா" என்றேன். "ஏன், இன்ஜினியரிங் சீட் கிடைக்கலையா?" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்து உள்ளங்கை கொப்பளித்ததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர்கள்தானே நாம்? கைவேலை தாழ்ந்தது என்ற எண்ணம் ஊரார் மனதில் மட்டுமல்ல, நம் மனதிலும் இருக்கிறது. அந்த எண்ணத்தை எனக்குள் அசைத்தது, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பெரீயா என்ற சிறிய கலைக் கல்லூரியின் கதை. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தோற்றம்

1855-ல் ஜான் ஃபீ என்ற பாதிரியார் இதைத் தொடங்கியபோது அது ஓர் அறை கொண்ட பள்ளிக்கூடம். நிலம் கொடுத்தவர் காசியஸ் கிளே. (குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் பழைய பெயர் இவரை ஒட்டி வந்ததுதான்.) அப்போது கென்டக்கியில் அடிமை முறை நடைமுறையில் இருந்தது. எல்லா இனத்தாரும் ஒரே ரத்தம் என்பது ஃபீயின் கொள்கை. சும்மா விடுவார்களா? 1859-ல் ஆயுதம் ஏந்திய கும்பல் வந்து அவர்களை ஊரைவிட்டே விரட்டியது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் திரும்பி வந்து மறுபடி தொடங்கினார்கள். 1866-67-ல் படித்தவர்கள் 187 பேர். அதில் 96 பேர் கறுப்பர், 91 பேர் வெள்ளையர். ஒரே வகுப்பறை, ஒரே பாடம்!

சட்டம் போட்ட பூட்டு

1904-ல் கென்டக்கி சட்டமன்றம் 'டே சட்டம்' கொண்டுவந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது, மீறினால் அபராதம். கல்லூரி வழக்குப் போட்டது. 1908-ல் உச்ச நீதிமன்றமும் சட்டத்தின் பக்கமே நின்றது. நீதிபதி ஹார்லன் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். கறுப்பின மாணவர்களுக்காக நிதி திரட்டி லிங்கன் இன்ஸ்டிடியூட் என்ற தனிப் பள்ளி 1912-ல் திறக்கப்பட்டது. ஆனால் பெரீயாவின் கதவு 1950-ல் சட்டம் திருத்தப்படும் வரை அவர்களுக்குத் திறக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பர் வரலாற்றின் தந்தை எனப்படும் கார்ட்டர் உட்சன் இங்கே பட்டம் பெற்றது 1903-ல். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவரும் வெளியேதான்.

ஒன்றை மறைக்கக்கூடாது. சட்டம் வருவதற்கு முன்பே, நிர்வாகத்தின் கவனம் மலைப்பகுதி ஏழை வெள்ளையர் பக்கம் சாய்ந்து, கறுப்பின மாணவர் விகிதம் குறைந்திருந்தது. நல்ல கொள்கையும் தினமும் கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கும் என்பதற்கு இது சாட்சி.

கட்டணம் இல்லை, வேலை உண்டு

1892 முதல் இங்கே கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. எப்படி முடிகிறது? நன்கொடைகளை வந்த வருஷமே செலவழித்துவிடாமல், நிரந்தர நிதியாக முதலீடு செய்து, அதன் வருமானத்தில் பெரும்பகுதிச் செலவைப் பார்க்கிறார்கள். சேர்க்கையும் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான்.

ஆனால் எல்லா மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரி வேலை செய்தாக வேண்டும். அதற்குச் சம்பளமும் உண்டு. நூலகம், பண்ணை, தறி, தச்சு, துடைப்பம் கட்டுவது, 1909-ல் திறந்த பூன் டேவர்ன் ஓட்டல் என்று பல வேலைகள். இயற்பியல் படிப்பவரும் துடைப்பம் கட்டுவார், இலக்கியம் படிப்பவரும் தட்டு எடுப்பார். எல்லாரும் செய்வதால் யாருக்கும் கேவலமில்லை. ரகசியம் அவ்வளவுதான்!

கட்டடமே பாடம்

சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். 2013-ல் கட்டிய 'டீப் கிரீன்' மாணவர் விடுதிக்குக் கல்லூரியின் சொந்தக் காட்டு மரமே பயன்பட்டது. கூரையில் சூரியத் தகடுகள். குளிரூட்டவும் சூடாக்கவும் புவிவெப்ப முறை: மேலே பனி பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அதிகம் மாறாது. குழாயில் நீரைச் சுற்றவிட்டுக் கோடையில் வெப்பத்தை மண்ணுக்குள் தள்ளுவார்கள், குளிர்காலத்தில் எடுப்பார்கள்.

2021-ல் கென்டக்கி ஆற்றில், ஏற்கெனவே இருந்த ஒரு பழைய தடுப்பணையிலேயே புனல் மின் நிலையம் அமைத்தார்கள். புது அணை கட்டவில்லை, ஊர் எதுவும் மூழ்கவில்லை. அதற்கு ஜான் ஃபீயின் மனைவி மடில்டாவின் பெயர்.

நமக்கு என்ன?

"அங்கே பணம் இருக்கு, செய்றாங்க" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒர்க்‌ஷாப் முடிந்ததும் இரும்புத் தூளை நாமே கூட்டப் பணம் வேண்டாம். விடுதியில் ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்ற நிதிக்குழு வேண்டாம். ஒவ்வொரு ஐப்பசியிலும் விடுதிக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறதே, அடுத்த லெவலிங் பிராக்டிகலை அங்கேயே வைத்து வாட்டம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து ஒரு வாய்க்கால் வெட்டினால் என்ன? கடப்பாரை பிடிக்கும்போது எந்த ஊர், எந்த சாதி என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்த கல்யாணத்தில் அந்த மாமா மறுபடி கேட்டால் தயாராக இருக்கிறேன்: "சீட் கிடைச்சுது மாமா. வேலை செஞ்சு காட்டுற சீட்!"