காணாமற்போன இறுவட்டுச் செலுத்தி

கணினிக்குப் புதிய தாய்ப்பலகை பூட்டியாயிற்று. வேகம் கூடிவிட்டது, ஆனால் இறுவட்டுச் செலுத்தியைத் திரையில் காணவில்லை. கலியாண வீடியோவும் கடந்தகால வினாத்தாள்களும் இறுவட்டுகளில் கிடக்கின்றன. கடைக்காரர் "புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்பார். காசு கொடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

செலுத்தியின் தட்டு வெளியே வருகிறதா? வராவிட்டால் மின்வடத்தைப் பாருங்கள். வந்தால் கணினியை மீள இயக்கி, பயோஸ் திரையில் செலுத்தியின் பெயரைத் தேடுங்கள். பாதி வேலை இதுதான். பெயர் இல்லையெனில் குறை பெரும்பாலும் வடத்திலோ அமைப்பிலோ, இருந்தால் விண்டோஸில்.

பழைய செலுத்திகள் ஐடிஈ வகை. ஒரே நாடா வடத்தில் இரு சாதனங்கள் பூட்டலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். பின்புறத்துச் சிறு ஜம்பரே அதைத் தீர்மானிக்கும். இரண்டுமே மாஸ்டரென இருந்தால் ஓர் உறையில் இரு வாள்தான்! மின்னிணைப்பைக் கழற்றிவிட்டே பெட்டியைத் திறவுங்கள். 80 இழை வடமாயின் நீல முனை தாய்ப்பலகைக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, சாம்பல் ஸ்லேவுக்கு.

பலருக்குத் தெரியாத காரணம் ஒன்றுண்டு. 2006இல் வந்த ஐசிஎச்8 சில்லுடன் இன்டெல் ஐடிஈயைக் கைவிடத் தொடங்கியது. பலகை தயாரித்தோர் பலர் அதற்கென வேறொரு சில்லைச் சேர்த்தனர். பயோஸில் அது முடக்கப்பட்டிருந்தால் நல்ல செலுத்தியும் தெரியாது.

பயோஸில் தெரிந்தும் விண்டோஸில் மஞ்சள் குறி விழுந்தால், பழைய இறுவட்டுப் பதிவு மென்பொருளைச் சந்தேகியுங்கள். அது விண்டோஸ் பதிவேட்டில், செலுத்திகளுக்குரிய பகுதியில் விட்டுச்சென்ற அப்பர்ஃபில்டர்ஸ், லோவர்ஃபில்டர்ஸ் என்பவற்றை, முதலில் பிரதி எடுத்துக்கொண்டு, விடயம் தெரிந்த ஒருவரின் துணையுடன் நீக்கி மீள இயக்கினால், செலுத்தி பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்.