நல்ல கை இருந்தால் நல்ல மேஸ்திரியா?

ராஜபாளையம் மில்ஸ் 1936-இல் தொடங்கியது. அன்று முதல் இந்த ஊரிலும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஷிப்ட் சங்கு கேட்டு விடிந்த வீடுகள் ஏராளம். அப்பா பிட்டர், அம்மா கோன் வைண்டிங், மகன் சூப்பர்வைசர் என்று ஒரே வீட்டில் ஒரு மில்லே இருக்கும். அதனால் மேஸ்திரி என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று இங்கே எல்லாரிடமும் ஒரு கருத்து உண்டு. அவற்றில் சில, நல்ல தொழிலாளர்கள் பலரைக் கெடுத்திருக்கின்றன. கொஞ்ச காலம் என்னையும் கெடுத்தன.

நம்பிக்கை: வேலையில் கெட்டிக்காரரை மேஸ்திரியாகப் போட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

ரிங் பிரேமில் நூல் அறுந்தால் அந்த ஸ்பிண்டிலை நிறுத்தி, பாபினில் நூல் நுனியைத் தேடி எடுத்து, டிராவலரில் கோத்து, மேலே உருளையிலிருந்து இறங்கும் பஞ்சிழையோடு ஒட்ட வேண்டும். பழகிய கைக்குச் சில நொடி வேலை. என் கை அப்படித்தான் ஓடும். அதற்காகவே என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். முதல் மாதம் முழுக்க, புதுப் பிள்ளைகள் தடுமாறிய இடத்துக்கெல்லாம் ஓடிப்போய் நானே ஒட்டினேன். அறுப்பு குறையவில்லை. அவர்களும் கற்கவில்லை. வயதான பிட்டர் ஒருவர்தான் பொறுக்க முடியாமல் சொன்னார்: “தம்பி, நீ ஒட்டுறத நிறுத்து. அந்தப் பிள்ளை ஒட்டுறதப் பாரு.”

“நேரம் போயிருமே அண்ணாச்சி” என்றேன்.

“இப்ப மட்டும் எங்க போகுது?” என்றார்.

மேஸ்திரி வேலை தனித் தொழில் என்று எனக்கு முதலில் உணர்த்தியவர் அவர்தான். மில்லில் வேறு யாரும் சொல்லித் தரவில்லை. இது என் கதை மட்டுமல்ல. நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் விற்பனை சரிந்தது. ஆளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒரு தொழிலில் தேறியவரை வேறு தொழிலுக்கு அனுப்பிவிட்டு, அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டதுதான் தவறு.

நம்பிக்கை: பயம் இருந்தால்தான் வேலை நடக்கும்.

இது, பழைய மில் மேஸ்திரியான ஜாபரின் காலத்து மிச்சம். அன்று ஆள் சேர்ப்பதும் ஜாபர், நீக்குவதும் ஜாபர், வட்டிக்குக் கடன் கொடுப்பதும் பல இடங்களில் அவரே. வேலை நிலைக்க அவருக்கு மாமூல் கொடுக்க வேண்டும். 1931-இல் அறிக்கை தந்த விட்லி தொழிலாளர் ஆணையம், ஆளெடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அதிகாரிகளிடம் கொடுக்கச் சொன்னது. அதிகாரம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்தக் குரல் மட்டும் இன்னும் போகவில்லை.

1953-இல் அகமதாபாத் காலிகோ மில்லில் நடந்ததைப் பாருங்கள். 224 தானியங்கித் தறிகள் இருந்த கூடத்தில் பன்னிரண்டு விதமான வேலைகளாகப் பிரிந்து, யார் யாரோடு வேலை செய்கிறார்கள் என்றே தெரியாமல் தொழிலாளர்கள் குழம்பிக் கிடந்தார்கள். லண்டன் டவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் ஒரு யோசனை வைத்தார்: இத்தனை தறிக்கு இந்தக் குழு, குழுவுக்குள் ஒரு தலைவர். சூப்பர்வைசர்களும் தொழிலாளர்களும் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு, விவரங்களைத் தாங்களே வகுத்தார்கள். துணியில் பழுது குறைந்தது, உற்பத்தி கூடியது. அதட்டலால் வந்த உற்பத்தி அல்ல அது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரில் இதை வருஷா வருஷம் பார்க்கிறோம். வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரம் விண்ணை முட்டும். ஆனால் தேர் எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்பது சக்கரத்தின் மேல் கண் வைத்துக் கட்டை போடுகிறவர் கையில். அவர் பெரும்பாலும் குனிந்தே இருப்பார். மேஸ்திரியின் வேலை அங்கே இருக்கிறது.

நம்பிக்கை: ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ். தலைவர் தயார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அதுவும் குறுகியதுதான்: இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு. பயிற்றுநர் முதலில் மின்கம்பியில் போடும் ஒரு முடிச்சை வாயால் மட்டும் விளக்குவார். யாருக்கும் போட வராது. பிறகு பேசாமல் செய்து காட்டுவார். அப்போதும் வராது. அதன் பிறகே, ஒவ்வொரு படியாகச் சொல்லி, காட்டி, செய்ய வைத்து, தப்பை அங்கேயே திருத்தும் முறை தொடங்கும். அடுத்த அமர்வுகளில் ஒவ்வொருவரும் தன் பட்டறையிலிருந்து ஒரு வேலையைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் கற்பித்துக் காட்ட வேண்டும். சரக்கு அப்படிச் செய்து காட்டுவதில் இருந்தது. கேட்டுவிட்டுப் போக யாரையும் அழைக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1950-களில் இந்த முறையை இந்திய மில்களுக்கும் கொண்டுவந்தது. நமக்கு அருகில், 1956-இல் தொடங்கிய கோவை ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, மில் சூப்பர்வைசர்களுக்கென்றே பயிற்சி நடத்துகிறது.

கற்றது நிலைக்குமா என்பது வேறு கேள்வி. மும்பைப் பக்கம் 17 நிறுவனங்களின் 28 நெசவாலைகளில் 2008 முதல் ஓர் ஆய்வு நடந்தது. சில ஆலைகளில் ஆலோசகர்கள் மாதக்கணக்கில் தங்கி 38 நிர்வாக நடைமுறைகளைப் பழக்கினார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போனபோது, பழக்கியதில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறிப் போயிருந்தார், அல்லது முதலாளிக்கு நேரமில்லை. அப்படியும், பழக்காத ஆலைகளைவிட இவை முன்னால்தான் நின்றன. ஆகவே, பயிற்சி முடிந்து வருகிறவரை மாதம் ஒருமுறையாவது மிஷின் பக்கத்தில் நின்று பார்க்க மேலே ஒருவர் இல்லையென்றால், சான்றிதழ் சட்டத்துக்குள் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: யாரை அனுப்புவது என்று மேலாளருக்குத் தெரியும்.

இதில்தான் எனக்கு மிகுந்த ஆதங்கம். இந்திய ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் லைன் சூப்பர்வைசர்களுக்குப் பேச்சு, பொறுமை, ஆளை நடத்தும் விதம் பற்றிப் பயிற்சி தந்து ஆராய்ந்தார்கள். பயிற்சியால் யாருக்கு அதிகப் பலன் என்று மேலாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்கள். பட்டியலின் மேலே இருந்தவர்களின் லைனில் உற்பத்தித்திறன் உயரவே இல்லை. கீழே தள்ளப்பட்டவர்களின் லைனில்தான் 12 சதவீதம் உயர்ந்தது. மேலாளர்கள் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கவும் இல்லை. யார் வேலையை விட்டுப் போனால் தங்களுக்குத் தலைவலியோ அவரைத் தக்கவைக்கப் பயிற்சியைப் பயன்படுத்தினார்கள்.

அடுத்த முறை பட்டியல் எழுதும்போது பகல் ஷிப்டில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற முகங்களோடு நிறுத்திவிடாதீர்கள். அரை நைட்டுக்கும் முழு நைட்டுக்கும் போய்ப் பாருங்கள். அறுந்த நூலைத் தானே ஒட்ட ஓடும் ஒரு புது சூப்பர்வைசர் அங்கே கட்டாயம் இருப்பார். அவர் பெயரையும் எழுதுங்கள்.