நகர்ந்துகொண்டே இருக்கும் சுவர்

காசிமேட்டுத் தேநீர்க் கடையில் கேட்டபோது அந்தச் சுவர் மணலியில் இருந்தது. மணலியில் விசாரித்தபோது எண்ணூருக்குப் போயிருந்தது. எண்ணூரில் கேட்டால், "இங்க இல்ல சார், ஸ்ரீபெரும்புதூர் பக்கம்" என்று பதில் வந்தது. சுவர்தான் இடம் மாறுகிறதே தவிர, கதை மாறுவதில்லை. யாரோ ஒரு பெண் நாற்பதடிக் கண்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லரை யார்டுக்குள் ஓட்டி வந்தாளாம். வாசலுக்குள் நுழைகிற வரையில் ஒரு குறையும் இல்லையாம். ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கியதும் காம்பவுண்டுச் சுவரை அடியோடு சாய்த்துவிட்டாளாம். கதையைச் சொல்லி முடித்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வேதவாக்கியம்போல ஒன்றை உதிர்ப்பார்: "பொம்பளைக்கு ரிவர்ஸ் வராது சார், மூளையே அப்படி."

இருபத்தெட்டு வருஷங்களாக, அடிபட்ட லாரிகளின் சேதத்தை இன்ஷூரன்ஸுக்காக மதிப்பிட்டு வயிறு வளர்க்கிற சர்வேயர் நான். சுவர் இடிவது என்பது என் தொழிலில் சாமானிய சம்பவமல்ல. சுவர் ஒன்று விழுந்தால் வண்டியின் பதிவு எண் எழுதப்படும்; ஓட்டியவரின் லைசென்ஸ் நகல் எடுக்கப்படும்; நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ பிடிக்கப்படும்; கொத்தனாரின் எஸ்டிமேட் சுவரின் உண்மை விலையைப்போல மும்மடங்காக வந்து சேரும். ஆகவே கதை சொல்கிறவர்களிடம் நான் மூன்றே கேள்விகள் கேட்பது வழக்கம்: என்ன தேதி? வண்டி நம்பர் என்ன? யார் கண்ணால் பார்த்தது? இன்றுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. "கேள்விப்பட்டேன்" என்பதையே பிரமாணமாகக் கொள்வதானால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

என் மேஜைக்கு வந்த ட்ரெய்லர் ஃபைல்களில் "ரிவர்ஸ் எடுக்கும்போது" என்று தொடங்குகிற வாக்குமூலங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றிலேனும் ஓட்டுநர் பெயர் பெண்ணினுடையதாக இருந்ததில்லை. இதைக் கொண்டு ஆண்களுக்கு ரிவர்ஸ் வராது என்று நான் தீர்ப்புக் கூறினால் என்னை மூடன் என்பீர்கள். சரிதான், ஏனெனில் இந்தச் சென்னைத் துறைமுகச் சாலையில் ட்ரெய்லர் ஓட்டுகிறவர்கள் கிட்டத்தட்ட அனைவரும் ஆண்களே, இடிப்பவர்களும் அவர்களாகத்தானே இருக்க முடியும்? ஆனால் ஒரு சாரார் ஓட்டவே இல்லாத தொழிலில், அந்தச் சாராருக்குத் திறமை இல்லை என்று எந்தத் தராசை வைத்து நிறுத்தீர்கள்? என்னை மூடன் என்பவர்கள் இதற்கும் விடை சொல்லட்டும்.

ட்ரெய்லரைப் பின்னோக்கி எடுப்பது எளிய காரியம் என்று நான் சொல்லவரவில்லை. முன்னால் இழுக்கும் வண்டி வேறு, பின்னால் வரும் மேடை வேறு. இரண்டையும் கிங்பின் என்ற ஒரு முளை மாத்திரமே பிணைத்திருப்பதால், பின்வாங்கும்போது மேடையின் வால் இடப்பக்கம் போகவேண்டுமாயின் ஸ்டீயரிங்கை முதலில் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஒடித்த மாத்திரத்தில் ஒன்றும் நிகழாது. சற்றுப் பொறுத்துத்தான் மேடை மெல்ல அசையும். அசைந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பி வாங்காமல் விட்டால், முழங்கையை மடக்கினாற்போல மேடையும் வண்டியும் மடங்கி நின்றுவிடும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், வலப்புறமாக வளைந்து பின்வாங்குகையில் ஜன்னல் வழியே தலையை நீட்டி வண்டியின் வாலைக் காணலாம். இடப்புறமாக வளைந்தாலோ, ஒரு கண்ணாடியில் வெறும் வெளியும் மறு கண்ணாடியில் கண்டெய்னரின் தகரமும் தவிர வேறொன்றும் தெரியாது. நான் மதிப்பிட்ட நசுங்கல்களில் பெரும்பாலானவை இந்தக் குருட்டுப் பக்கத்து வளைவில் நேர்ந்தவையே.

இவ்வளவு சிக்கலான வித்தையை ஆண்கள் எங்கே கற்றார்கள்? தாயின் கர்ப்பத்திலா? கிளீனராக இருந்து கற்றார்கள். பதினெட்டு வயதுப் பையன் வண்டியிலிருந்து குதித்துப் பின்னால் ஓடி, தகரத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டி, "வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... நேர் பண்ணு... ஓல்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறானே, அந்தக் கத்தல்தான் அவனுடைய பாடப்புஸ்தகம். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பினால் பின்சக்கரம் எவ்வளவு கேட்கும் என்பதை, ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்னரே, மண்ணில் நின்று இரண்டு மூன்று வருஷங்கள் அவன் கண்ணாரக் காண்கிறான். பிறகு ஒரு நாள் இரவு, லோடு இல்லாத வேளையில், டிரைவர் அண்ணன் மனமிரங்கிக் காலி மைதானத்தில் அவனை உட்கார வைக்கிறார். அவன் நான்கு முறை மடக்கி நிறுத்துகிறான். ஐந்தாவது முறை ஒருவாறு உள்ளே போகிறது. அந்த நான்கு தவறுகளையும் ஒருவரும் தேநீர்க் கடையில் கதையாக்குவதில்லை. இந்தக் கலாசாலையில் பெண்ணுக்கு இடம் உண்டா? கிளீனர் ஸீட்டில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு இரவு வண்டியை எடுக்க எந்த முதலாளி சம்மதிப்பார்? பள்ளிக்கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு, வெளியில் நிற்பவளுக்குப் படிப்பு வராது என்பது எந்த ஊர் நியாயம்?

மூளை விஷயத்தைப் பேசாமல் போனால் பயந்து ஒதுங்கினேன் என்பார்கள். ஓர் உருவத்தை மனத்துக்குள்ளேயே சுழற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. 1971-இல் ஷெப்பர்ட், மெட்ஸ்லர் என்ற இருவர் அதைப் பிரபலப்படுத்தினார்கள். அவ்வகைச் சோதனைகளில் ஆண்களின் சராசரி உயர்ந்திருப்பது மெய். ஆனால் 2007-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தார், வேகமான வீடியோ விளையாட்டு ஒன்றைப் பத்தே மணி நேரம் ஆடவைத்த பின்னர் மறுபடியும் சோதித்தபோது, பெண்களின் தேர்ச்சி ஆண்களினுடையதைவிட அதிகமாக உயர்ந்து, இருவருக்குமிடையே இருந்த தூரம் குறைந்துபோயிற்று. ஜெர்மனியில் போஹும் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் காரை நிறுத்துவதைப் பரீட்சித்து, ஆண்கள் விரைவாக நிறுத்தினார்கள் என்று கண்டார்கள். அத்துடன், அனுபவம் ஏற ஏற, மனச் சுழற்சியைக் காட்டிலும் தம் திறமையில் ஒருவருக்கு உள்ள நம்பிக்கையே நிறுத்தும் திறனுடன் அதிகமாக ஒத்துப்போகிறது என்றும் கண்டார்கள். அந்த நம்பிக்கையைத்தான் சுவர்க் கதை ஒவ்வொரு நாளும் அரித்துத் தின்கிறது.

பிரத்தியட்ச சாட்சி வேண்டுமா? கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஓட்டுநராக அமர்ந்தார்; ஆசியாவிலேயே முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று அவரைப் பத்திரிகைகள் கொண்டாடின; 2017-இல் ஓய்வுபெறும் வரை ஓட்டினார். பேருந்து நிலையத்து நெருக்கடியில் அரசுப் பேருந்தைப் பின்னோக்கி எடுக்காமல் ஒரு பொழுது கழிந்திருக்குமா? போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி, சட்டம் படித்தவர், சரக்கு லாரியை நெடுஞ்சாலைகளில் ஓட்டுகிறார். கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்தில், அந்தக் கரையோரத்து மீனவக் குடும்பங்களின் பெண்களும் கண்டெய்னர் கிரேன்களை இயக்குகிறார்கள். மீன் கூடையைத் தலையில் சுமந்து ராயபுரம் நெரிசலுக்குள் ஒருவர் மேலும் இடியாமல் நடக்கும் நம் காசிமேட்டுப் பெண்களுக்கு மாத்திரம் இடத்தின் அளவு தெரியாமற் போய்விட்டதோ?

மற்ற அபவாதங்கள் இவ்வளவு மரியாதைக்குத் தகுதியற்றவை. "ஸ்டீயரிங்கைத் திருப்பப் புஜபலம் வேண்டும்" என்பார்கள்; பவர் ஸ்டீயரிங் வந்து எத்தனை காலம் ஆயிற்று? பிரேக்கை அழுத்துவது கால் அல்ல, காற்று. "பெண்ணுக்கு ஹெவி லைசென்ஸ் கிடையாது" என்பார்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வாடகை, சரக்கு வண்டி ஓட்டுவதற்கு இருபது வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறதே ஒழிய, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. "மெதுவாக எடுப்பாள், பின்னால் வரிசை நிற்கும்" என்பார்கள். யார்டுக்குள் மெதுவாக எடுப்பது குறையா, குணமா என்று இடிபட்ட சுவரைக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கத்து ஸ்தோத்திரமும் எனக்கு உகந்ததல்ல. "பெண்கள் பொறுமையின் வடிவம், விபத்தே செய்யமாட்டார்கள்" என்கிறார்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இறந்தவர்களிலும் ஓட்டியவர்களிலும் ஆண்களே மிகுதி. ஆனால் சாலையில் அதிகம் திரிகிறவர்களும் ஆண்களே என்பதைக் கழிக்காமல் இந்த எண்ணைப் பெண்களின் கிரீடத்தில் பதிப்பது அயோக்கியத்தனம். பெண் தெய்வமும் அல்ல, சுவரிடிக்கும் பூதமும் அல்ல. கற்றுக்கொடுத்தால் கற்பாள், கற்கும்போது நான்கு முறை மடக்கி நிறுத்துவாள்.

கடைசியாக, பத்து வருஷங்களாக நான் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து பேசி அலுத்துப்போன ஒரு விஷயம். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் நாட்களில், ஓட்டுநர் இறங்கி ஏதோ ஒரு சுவரோரம் ஒதுங்கிவிட்டு வருகிறார். பெண் ஓட்டுநர் எங்கே ஒதுங்குவாள்? தண்ணீர் குடிக்காமலே பன்னிரண்டு மணி நேரம் ஸ்டீயரிங்கில் உட்காரட்டும் என்பதுதான் நம் ஏற்பாடா? மூளை, புஜபலம், பொறுமை என்று தர்க்கம் செய்கிற கனவான்கள் ஒருவரும் இதைப் பேசுவதில்லை. செலவு மிச்சமென்று கிளீனரையே ஒழித்துவிட்ட முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: ஒவ்வொரு யார்டிலும் பின்னால் நின்று வழிகாட்ட ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள், முதல் ஆளாக ஒரு பெண்ணை அமர்த்துங்கள், மூன்று வருஷத்தில் உங்களுக்கு ஓர் ஓட்டுநர் கிடைப்பாள்.

அதுவரையில், எவளோ இடித்ததாகச் சொல்லப்படும் அந்த ஒரு சுவரைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, வரிசை நிற்கும் சாலையோரத்தில், தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள நான்கு சுவர்களைக் கட்டுங்கள். எஸ்டிமேட்டை நானே இனாமாகப் போட்டுத் தருகிறேன்.